கீமோவுக்குப் பிறகு பீரியட்ஸ் நின்றுவிட்டது: டமாக்ஸிஃபெனா, லெட்ரோசோலா?

செந்தில்_ஆர்:
அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய், வயது 42. பயாப்சியில் ஈஆர் (ஈஸ்ட்ரோஜன் ஏற்பி) 8/8, பிஆர் (புரோஜெஸ்டிரோன் ஏற்பி) 6/8, ஹெர்2 புரதம் நெகடிவ், அதாவது ஹார்மோனால் வளரும் வகை. ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் முடிந்தது. கடைசிக் கீமோ முடிந்து 7 மாதமாகப் பீரியட்ஸ் இல்லை. ஹார்மோனைத் தடுக்கும் டமாக்ஸிஃபென் மாத்திரை 20 மி.கி. தினம் ஒன்று ஓடுகிறது. பீரியட்ஸ் நின்றவர்களுக்கு லெட்ரோசோல்தான் நல்லது என்கிறார்களே, மாற்றித் தரச் சொல்லலாமா? அப்புறம், திடீர் திடீரென்று உடம்பு சூடேறி வியர்த்துக் கொட்டுகிறது. அதற்குப் பக்கத்துக் கிளினிக்கில் மனச்சோர்வு மாத்திரையான ஃப்ளூவாக்ஸெடின் எழுதியிருக்கிறார்கள். சேர்த்துப் போடலாமா?

மருந்தாளர்_நீலா:
இரண்டும் வேண்டாம்.

கீமோவால் நின்றதை மெனோபாஸ் என்று எடுத்துக்கொள்ள முடியாது. 42 வயதில் சினைப்பை தூங்குகிறது, அவ்வளவுதான். ஒரு வருடம் கழித்துக்கூட விழித்துக்கொள்ளும். மெனோபாஸ் ஆனவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் வருவது கொழுப்பிலும் தசையிலும் உள்ள அரோமடேஸ் நொதியால். லெட்ரோசோல் அதை அடைத்துவிடும், வேலை முடிந்தது. சினைப்பையில் உயிர் இருந்தால் கதை தலைகீழ்: ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி எஃப்எஸ்எச் என்ற ஹார்மோனைக் கூட்டி சினைப்பையைத் தட்டி எழுப்பும். குழந்தைப்பேறு சிகிச்சையில் முட்டை வளர 5 நாள் கொடுப்பதும் இதே லெட்ரோசோல்தானே! டமாக்ஸிஃபென் ஈஸ்ட்ரோஜன் போய் ஒட்டும் இடத்தையே மறித்துக்கொள்வதால் சினைப்பை எந்த நிலையில் இருந்தாலும் வேலை செய்யும்.

ஃப்ளூவாக்ஸெடின்: டமாக்ஸிஃபெனைக் கல்லீரலில் எண்டாக்ஸிஃபெனாக மாற்றுவது சிஒய்பி2டி6 நொதி. வீரியம் எண்டாக்ஸிஃபெனில்தான். ஃப்ளூவாக்ஸெடின், பராக்ஸெடின், புப்ரோபியான் மூன்றும் அந்த நொதியைப் பலமாகத் தடுக்கும். ஃப்ளூவாக்ஸெடினை நிறுத்திய பிறகும் தடை சில வாரம் நீடிக்கும். சூடேறுவதற்கு வென்லஃபாக்ஸின் 37.5 மி.கி.யில் தொடங்கலாமா என்று புற்றுநோய் டாக்டரிடமே கேளுங்கள்.

செந்தில்_ஆர்:
நன்றிங்க. எஃப்எஸ்எச் 48 என்று லேப் ரிப்போர்ட் வந்திருக்கிறது. அது மெனோபாஸ் அளவு இல்லையா? அக்குள் நெறிகட்டி (நிணநீர்க் கணு) 14 எடுத்துப் பார்த்ததில் 3-ல் புற்று இருந்தது, அதைச் சொல்ல விட்டுவிட்டேன்.

டாக்டர்_அரங்கன்:
அந்த 48-ஐ வைத்து முடிவெடுக்காதீர்கள். கீமோ முடிந்த புதிதில் எஃப்எஸ்எச் ஏறும், பிறகு இறங்கும். டமாக்ஸிஃபென் ஓடும்போது அந்த அளவை நம்பவும் முடியாது. கூடவே ஈஸ்ட்ரடயாலும் (ரத்தத்தில் உள்ள முக்கிய ஈஸ்ட்ரோஜன்) பார்க்க வேண்டும், ஒருமுறை பார்த்தால் போதாது.

ஆனால் நெறிகட்டி 3 என்பது பேச்சை மாற்றுகிறது. 'லெட்ரோசோலுக்கு மாற்றலாமா' என்று கேட்காமல், 'சினைப்பையை அடக்கும் ஊசி தேவையா' என்று கேளுங்கள். கீமோ தேவைப்பட்ட, மெனோபாஸ் ஆகாத பெண்களுக்கு அந்த ஊசியால் பலன் உண்டு என்று சாஃப்ட் ஆய்வு காட்டியது. கோசெரெலின் 3.6 மி.கி., 28 நாளுக்கு ஒருமுறை, வயிற்றுத் தோலடியில். நாள் தள்ளக் கூடாது. தள்ளினால் சினைப்பை விழிக்கும். முதல் ஊசிக்குப் பின் சில நாள் ஈஸ்ட்ரோஜன் ஏறித்தான் இறங்கும். அதனால் லெட்ரோசோல் 2.5 மி.கி.யோ, அதேபோல் அரோமடேஸை அடைக்கும் எக்ஸெமெஸ்டேன் 25 மி.கி.யோ சில வாரம் கழித்தே சேர்ப்பார்கள். ஊசி போட்டும் சினைப்பை அடங்காதவர்கள் உண்டு, இளவயதில் அதிகம். பீரியட்ஸ் வந்தால் அன்றே சொல்லுங்கள். எக்ஸெமெஸ்டேன் ஓடும்போது சாதாரண லேப் முறை ஈஸ்ட்ரடயாலைக் கூட்டிக் காட்டிவிடும். மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி முறையில் பார்க்கச் சொல்லுங்கள். ஊசியோடு இந்த மாத்திரை என்ற வழியில் போனால் எலும்பு அடர்த்தி பார்க்கும் டெக்ஸா ஸ்கேன் முன்கூட்டியே எடுக்க வேண்டும். காலையில் விரல் மடக்க முடியாத மூட்டுவலியும் வரலாம்.

மருந்தாளர்_நீலா:
ஒன்று விட்டுப்போனது. பீரியட்ஸ் இல்லாவிட்டாலும் கரு தங்கலாம், டமாக்ஸிஃபென் கருவைப் பாதிக்கும். காப்பர் டி அல்லது ஆணுறை, ஹார்மோன் மாத்திரை கூடவே கூடாது. ஒற்றைக் கால் மட்டும் வீங்கி வலித்தாலோ திடீரென மூச்சு வாங்கினாலோ ரத்தக் கட்டியாக இருக்கலாம், அன்றே எமர்ஜென்சிக்குப் போங்கள்.