பொட்டலில் எல்இடி திரை, யூடியூபில் நேரலை: வள்ளி திருமணம் இனியும் மேடை நாடகம்தானா?

பள்ளத்தூரான்:
காரைக்குடி பக்கம் திருவிழா நாடகத்துக்குப் பல ஊர்களில் இப்போது எல்இடி திரையும் நேரலையும் வைக்கிறார்கள். இது நாடகத்தைப் பாதி சினிமாவாக்குகிறது என்பது என் கட்சி. நடிகர்களைத் தனித்தனியாக அழைத்து நடத்தும் இந்த ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட் (நாயகன்) ஒரு ஊர், ஸ்திரீபார்ட் (நாயகி) ஒரு ஊர், ஆர்மோனியம் வேறு ஊர். சேர்ந்து ஒத்திகை கிடையாது. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) தந்த பாட்டும் வசனமும் மனப்பாடம், மீதி அன்றைய கூட்டத்தின் முகம் பார்த்து வளர்வது. முன்வரிசை திரையை அண்ணாந்து பார்த்தால் நாரதர் யார் முகத்தைப் பார்ப்பார்?

ஒலிப்பெட்டி:
திரையைத் திட்டாதீங்கண்ணே, வைத்த இடத்தைத் திட்டுங்க. கேமரா, கேமராக்களை மாற்றிக் காட்டும் ஸ்விட்சர், படத்தைத் திரைக்கு ஏற்றபடி மாற்றும் ப்ராசசர் ஆளுக்கு ஒரு ஃபிரேம் பிடித்து வைத்தாலே, நொடிக்கு 25 ஃபிரேம் கணக்கில் படம் 120 மில்லிசெகண்ட் பிந்தும். குரல் படத்துக்கு 45 மில்லிசெகண்ட் முந்தினாலே கண்டுபிடித்துவிடுவோம். 125 வரை பிந்தினால் உறைக்காது. ஆக மேடையை ஒட்டித் திரை வைத்தால் முன்வரிசைக்கு உதடு ஒட்டாது. 30 டிகிரி வெயில் காலத்தில் ஒலி நொடிக்கு 349 மீட்டர் போகிறது, 40 மீட்டருக்கு 115 மில்லிசெகண்ட். திரையை அங்கே வையுங்க. திரைக்குப் பக்கத்து ஸ்பீக்கருக்கு 130 மில்லிசெகண்ட் டிலே (தாமதம்) கொடுத்தால் மேடைக் குரல் ஒரு கணம் முன்னால் வந்து, பேச்சு மேடையிலிருந்தே வருவதாகக் காது நம்பும். மெயின் ஸ்பீக்கருக்கு டிலே போடவே கூடாது, பாடுகிறவர் தடுமாறுவார்.

ஆத்தங்குடி ரசிகை:
ரெண்டு பேரும் திரையிலேயே நிற்கிறீங்க. நாடகத்தைக் கொல்வது டிராக், முன்பே பதிவு செய்த பாட்டும் இசையும். விருத்தம் தாளத்தில் நிற்காது. பாடுகிறவர் இழுத்தால் ஆர்மோனியம் காத்திருக்கும். விடியற்காலை மூணு மணிக்குத் தொண்டை கட்டினால் சுருதி 5 கட்டையிலிருந்து 4½-க்கு இறங்கும். பதிவு செய்த டிராக் எதற்கும் காத்திருக்காது, நடிகர்தான் அதன் பின்னால் ஓடணும். டிராக் இல்லாமல் நடப்பதைச் சிங்கப்பூரில் கைபேசியில் பார்ப்பவர், தடம் மாறக்கூடிய நாடகத்தைப் பார்க்கிறார். பொட்டலில் பாய் விரித்து டிராக்குக்கு வாயசைப்பைப் பார்ப்பவருக்கு அது இல்லை. இதில் யார் பார்ப்பது உயிருள்ள நாடகம்?

பள்ளத்தூரான்:
டிராக் விஷயத்தில் சண்டை இல்லை தங்கச்சி. ஆனால் சிங்கப்பூர்க்காரர் நாடகத்தை மாற்ற முடியுமா? நேரலை 6 நொடித் துண்டுகளாகப் போய், மூன்று துண்டு சேர்ந்த பிறகு ஓடினால் 18 நொடி தாமதம். நாரதரோடு நடக்கும் தர்க்கத்தில் வள்ளி போட்ட போடுக்கு அவர் அன்பளிப்பு அனுப்பி, அது மைக்கில் வாசிக்கப்படும்போது நாரதர் அடுத்த கேள்விக்குப் போயிருப்பார். கைதட்டல் பதிலடியைத் தூண்டும். இந்த அன்பளிப்பு மொய் எழுதின மாதிரி, கணக்கில் மட்டும் ஏறும்.

ஒலிப்பெட்டி:
குறைந்த தாமதத்தைத் தேர்ந்தெடுத்தால் சில நொடிக்குள் வரும். என்ன, பார்ப்பவர் பக்கம் சேமிப்பு குறைவு, லைன் தடுக்கினால் உடனே சுற்ற ஆரம்பிக்கும். திருவிழாக் கூட்டத்தில் டவர் நெரிசல் வேறு. படத் தரத்தில் 1080-ஐ விட்டு 720-க்கு இறங்கி, அனுப்பும் வேகம் 3 எம்பிபிஎஸ் வையுங்க, கீஃபிரேம் (முழுப் படம் போகும் இடைவெளி) 2 நொடி, இரண்டு கம்பெனி சிம். ஒலியை மிக்சரிலிருந்து நேராக எடுத்தால் கூட்டத்தின் சிரிப்பே போகாது. பொட்டலைப் பார்த்து ஒரு மைக் தனியாக வைக்கணும். பலர் இதை விடுவதால்தான் நேரலை செத்த வீடு மாதிரி கேட்கிறது.

பள்ளத்தூரான்:
சிரிப்பு போகட்டும், கோமாளியான பபூனின் பேச்சு? அந்த ஊருக்கு, அந்த ராத்திரிக்கு என்று சொன்ன இரட்டை அர்த்தம், மறுநாள் அரை நிமிடத் துணுக்காக எல்லார் வீட்டிலும் ஓடுகிறது. அதுக்குப் பயந்து பபூன் வாயைக் கட்டினால் உங்கள் 'தடம் மாறக்கூடிய நாடகம்' எங்கே?

ஆத்தங்குடி ரசிகை:
அது நியாயம். டான்ஸ்–பபூன் கட்டத்துக்கு நேரலையை நிறுத்தி, நாரதர் வந்ததும் தொடங்கலாம். பின்னோக்கிப் பார்க்கும் வசதியையும் அணைத்து, விடிந்ததும் காணொளியைப் பிரைவேட்டாக்கிவிடலாம்.

பள்ளத்தூரான்:
முன்வரிசையில் தூக்கிப் பிடிக்கிற கைபேசியை எதைக் கொண்டு அணைப்பீங்க?

ஆத்தங்குடி ரசிகை:
அது நேரலைக்கு முன்னாடியே வந்துடுச்சண்ணே. அதைச் சொல்லி நேரலையை மறித்தால், பினாங்கிலிருக்கும் பங்காளிக்கு மட்டும்தான் நாடகம் இல்லாமல் போகும்.