புதுப்பிப்பு: மாலை வகுப்புக்கு வரும் என்எஸ்எஸ் மாணவர்கள் பாதியில் நின்றுபோவது

கடலூர் தேவனாம்பட்டினத்தில் எங்கள் தொண்டு நிறுவனம் பிள்ளைகளுக்கு நடத்தும் மாலை வகுப்பில் பாடம் சொல்லித்தரக் கல்லூரி என்எஸ்எஸ் (நாட்டு நலப்பணித் திட்டம்) மாணவர்கள் ஆர்வமாக வந்துவிட்டு அடுத்த மாதமே காணாமல் போகிறார்கள், என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். பதில் போட்ட எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது, வருகையை அன்றன்றே கையெழுத்திட்டுக் கொடுக்கச் சொன்ன யோசனைதான். என்எஸ்எஸ் தொண்டர் ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டு ஆண்டில் 240 மணி நேரம் காட்டியாக வேண்டும். மாதக் கடைசியில் மொத்தமாகப் போட்டால் கணக்கில் தகராறு வரும்; அப்புறம் ஆள் வராது. இப்போது நோட்டில் தேதி, வந்த நேரம், போன நேரம், செய்த வேலை என்று நான்கு கட்டம். கிளம்பும்போதே பொறுப்பாளர் கையெழுத்து. நகல் மாதாமாதம் கல்லூரி என்எஸ்எஸ் திட்ட அலுவலருக்குப் போய்விடும்.

முதலாமாண்டு, இரண்டாமாண்டு மாணவர்களை ஜோடியாகப் போடுவதும் பலித்தது. சீனியர் போனாலும் எந்தப் பிள்ளைக்குப் பாடம் எங்கே நிற்கிறது என்பது ஜூனியருக்குத் தெரியும்.

ஒப்பந்தக் கடிதம் ஒரு பக்கம் போதும். யாருக்கு போன் செய்வது, எத்தனை மணிக்கு முடிப்பது என்ற இரண்டு வரிகள்தான் உண்மையில் பயன்படுகின்றன.

எதிர்பாராதது: மாணவிகள் நின்றதற்குக் காரணம் பஸ். வகுப்பை 6 மணிக்கே முடித்ததும் திரும்ப வந்தார்கள். நவம்பரில் செமஸ்டர் தேர்வும் புயல் மழையும் சேர்ந்தே வரும். அந்த மாதத்துக்கு மாணவர்களை நம்பி எதையும் வைக்காதீர்கள்.