எண்ணெய் குறைத்தால் சிக்கன் ரப்பராகிறது, சாஸ் நீர்க்கிறது: வீட்டு சைனீஸில் எங்கே தப்பு?

புதுக்கரண்டி:
ஸ்வீட் அண்ட் சோர் சிக்கனும் ஃப்ரைட் ரைஸும் கடையில் வாங்குவதுபோல வேண்டும், ஆனால் எண்ணெய், உப்பு, சர்க்கரை குறைவாக. பொரிக்காமல் வதக்கினால் சிக்கன் நார்நாராகிறது. காய் தண்ணீர் விட்டு அவிந்துபோகிறது. சோயா சாஸைக் குறைத்தால் சப்பென்று இருக்கிறது. சாதமும் ஒட்டுகிறது. நாலு பேருக்கு, சாதாரண கேஸ் அடுப்பு, நான்ஸ்டிக் வாணலி.

இரும்புச்சட்டி:
சிக்கனை மட்டும் சொல்கிறேன். 400 கிராம் எலும்பில்லாத நெஞ்சுக்கறியை நாருக்குக் குறுக்கே அரை செ.மீ. தடிமனில் நறுக்குங்கள். நாரின் வாக்கிலேயே வெட்டினால் என்ன செய்தாலும் சவ்வுமாதிரிதான் இருக்கும். 2 டீஸ்பூன் சோயா சாஸ், 3 டேபிள்ஸ்பூன் தண்ணீர் ஊற்றி, கிண்ணத்தின் அடியில் நீர் தேங்காத அளவுக்குக் கையால் பிசறுங்கள். பிறகு 1 டேபிள்ஸ்பூன் கார்ன்ஃப்ளார், கடைசியில் 1 டீஸ்பூன் எண்ணெய். இந்த வரிசை முக்கியம். எண்ணெயை முதலில் விட்டால் தண்ணீர் உள்ளே இறங்காது. 20 நிமிடம் ஊறட்டும்.

அகலப் பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, தீயைத் தணித்து, துண்டுகளைப் பிரித்துப் பிரித்துப் போடுங்கள். தளதளவென்று கொதித்தால் மாவுப் பூச்சு கழன்றுவிடும். ஒன்றரை நிமிடத்தில் வெளுத்ததும் அரித்தெடுங்கள். மிச்சம் சாஸில் வேகும். பொரிக்கும் எண்ணெய் மொத்தமும் மிச்சம். மொறுமொறுப்பு இருக்காது, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

கறிவேப்பிலை_77:
மொறுமொறுப்புதான் வேண்டுமென்றால் ஓவன். துண்டைக் கொஞ்சம் பெரிதாக, 3 செ.மீ. அளவில் வெட்டி, ஒரு முட்டை வெள்ளைக்கருவில் புரட்டி, 4 டேபிள்ஸ்பூன் கார்ன்ஃப்ளாரில் உருட்டுங்கள். மேலே 1 டேபிள்ஸ்பூன் எண்ணெயை ஸ்பிரே செய்து 220 டிகிரியில் 15 நிமிடம், பாதியில் ஒருமுறை திருப்பவேண்டும். எண்ணெய் படாத இடம் வெள்ளை மாவாகவே நின்று நாக்கில் ஒட்டும். பரிமாறும்போதுதான் சாஸில் புரட்ட வேண்டும்.

காய் விஷயம்: உங்கள் அடுப்பின் சூட்டுக்கு ஒரு தடவைக்கு 200 கிராம்தான் தாங்கும். மொத்தத்தையும் கொட்டினால் சூடு இறங்கி, விட்ட நீரிலேயே காய் அவியும். ப்ரோக்கோலியையும் கேரட்டையும் கொதிநீரில் 45 விநாடி போட்டெடுத்துத் துணியில் ஒற்றிவிடுங்கள். உப்பைக் காயில் போடாதீர்கள், சாஸில் இருப்பது போதும். மூடியும் வேண்டாம். நான்ஸ்டிக்கை வெறுமனே காயவைப்பது நல்லதல்ல. முடிந்தால் இரும்பு வாணலிக்கு மாறுங்கள்.

உப்புக்கணக்கு:
சாதாரண சோயா சாஸ் 1 டேபிள்ஸ்பூனில் சுமார் 900 மி.கி. சோடியம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது நாளைக்கு 2,000 மி.கி.க்குள். அதனால் சாஸ் நாலு பேருக்கு இப்படி: அன்னாசிச் சாறு 120 மி.லி., அரிசி வினிகர் 3 டேபிள்ஸ்பூன், தக்காளி பேஸ்ட் 1 டேபிள்ஸ்பூன், சோயா சாஸ் 1 டேபிள்ஸ்பூன், சர்க்கரை 2 டீஸ்பூன், பொடியாக நறுக்கிய இஞ்சி பூண்டு.

சப்பென்று இருப்பதற்கு மருந்து உப்பல்ல. காய்ந்த ஷிட்டாக்கே காளான் இரண்டை வெந்நீரில் ஊறவைத்து, அந்த நீரில் 4 டேபிள்ஸ்பூன் சேருங்கள். அஜினமோட்டோ போட்டாலும் தப்பில்லை. அதில் சோடியம் 12 சதவீதம்தான், உப்பில் 39.

கெட்டியாக்க 2 டீஸ்பூன் கார்ன்ஃப்ளாரை 2 டேபிள்ஸ்பூன் பச்சைத்தண்ணீரில் கரைத்து, சாஸ் கொதிக்கும்போது ஊற்றுங்கள். பளபளப்பு வந்ததும் நிறுத்த வேண்டும். புளிப்பும் நீண்ட கொதியும் சேர்ந்தால் கெட்டித்தன்மை உடைந்து நீர்த்துவிடும். உங்களுக்கு நடப்பது அதுவாகத்தான் இருக்கும். வினிகரில் பாதியை இறக்கும்போது விடுங்கள்.

இரும்புச்சட்டி:
சின்னத் திருத்தம்: அன்னாசிச் சாறும் சர்க்கரைதான், 120 மி.லி.யில் 12 கிராமுக்குக் குறையாது. பாதி சாறு, பாதி தண்ணீர் போதும். பச்சை அன்னாசிச் சாற்றில் சிக்கனை ஊறவைக்கவும் கூடாது, அதிலுள்ள நொதி கறியைக் கூழாக்கிவிடும்.

சாதவடிகட்டி:
சாதத்துக்கு வழக்கத்தைவிடப் பத்தில் ஒரு பங்கு தண்ணீர் குறையுங்கள். வெந்ததும் தட்டில் பரப்பி ஆறவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில். இரவு முழுக்க வெளியே வைத்த சாதம் வேண்டவே வேண்டாம். அதில் வளரும் பாக்டீரியாவின் நச்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது.

மறுநாள் ஈரக்கையால் உதிர்த்து, இரண்டு பேருக்கு 1 டேபிள்ஸ்பூன் எண்ணெயில் முதலில் முட்டை, பிறகு சாதம். சோயா சாஸைச் சாதத்தின் மேல் ஊற்றாமல் வாணலியின் ஓரமாகச் சுற்றி விடுங்கள். சுரீரென்று கருகி வாசம் வரும், அளவும் பாதி போதும். சாதத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்து, பொடியாக நறுக்கிய கோஸ், பீன்ஸ் போடலாம்.

புதுக்கரண்டி:
நன்றி. கடைசியில் விடும் எள் எண்ணெய்க்கு நல்லெண்ணெய் சரியா?

கறிவேப்பிலை_77:
இல்லை. வறுத்த எள்ளில் எடுத்தது வேண்டும், கரும்பழுப்பாக இருக்கும். அரை டீஸ்பூன், அடுப்பை அணைத்த பிறகு.