இந்த வாரம் புதுச்சேரியில் எந்தக் கச்சேரிக்குப் போகலாம்?

வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் மிருதங்கம் சொல்லிக்கொடுக்கிறேன். என்னிடம் படிக்கும் ஆறு பிள்ளைகளும் இதுவரை போனில்தான் கச்சேரி கேட்டிருக்கிறார்கள். வித்வான் மேடையேறுமுன் மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் ரவையைப் பிசைந்து ஒட்டி, தட்டிப் பார்த்து, கொஞ்சம் கிள்ளியெடுத்து மறுபடி தட்டுவாரே, அதை அவர்கள் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும்.

ஜூன் 21 இசைத் திருநாள் வருகிறது, 1982-ல் பிரான்சில் தொடங்கியது. புதுச்சேரியிலும் கொண்டாடுகிறார்கள். கிதார், டிரம்ஸும் கேட்கட்டும், ஆனால் ஒரு கர்நாடகக் கச்சேரியாவது வேண்டும்.

அங்கே வாசிக்கிற அண்ணன், அக்கா யாராவது, நீங்களே போய்க் கேட்கப்போகிற கச்சேரி எது, எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள். கோயிலோ சபாவோ, எதுவானாலும் சரி. அப்புறம், ஒன்பது மணிக்குள் கடலூர் பஸ் ஏற வேண்டும். சின்னவனுக்கு எட்டு வயதுதான்.