முப்பதாயிரம் ரூபாயில் மேடை விளக்கும் டிம்மரும்: வாங்கியவர்களின் அனுபவம்

தொடங்கி வைப்பவர்: நாடகக் குழு, விழுப்புரம்

எங்கள் நாடகக் குழுவில் பதினொரு பேர் இருக்கிறோம். பள்ளி அரங்கு, கல்யாண மண்டபம், கோயில் கலையரங்கம் என்று கிடைக்கிற இடத்தில் ஆண்டுக்கு நான்கைந்து முறை நாடகம் போடுகிறோம். மைக் செட்காரரிடம் எடுக்கும் ஃபோகஸ் லைட்டின் வாடகையே வசூலில் பாதியைத் தின்றுவிடுவதைப் பார்த்து அலுத்துப்போய், இரண்டு ஆண்டுகளுக்கு முன் 30,000 ரூபாய் சேர்த்துச் சொந்தமாக விளக்கு வாங்கினோம். அதில் ஏறத்தாழ பாதிப் பணம் தேவையில்லாத இடத்தில் போய் முடங்கியது. அடுத்து வாங்கப்போகிறவர்களுக்குப் பயன்படும் என்பதால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முதலில் வாங்கியவை எட்டு எல்.இ.டி. பார் லைட்டுகளும் (PAR என்னும் உருளை வடிவ மேடை விளக்குகள்), அவற்றுக்குக் கம்பி வழியாகக் கட்டளை அனுப்பி இயக்கும் 192 சேனல் டி.எம்.எக்ஸ். பெட்டியும். சேனல் என்பது ஒரு நிறத்துக்கோ ஒரு செயலுக்கோ உரிய கட்டளைத் தடம். ஒவ்வொரு விளக்கின் மேலும் 54 × 3 வாட் என்று அச்சிட்டிருந்ததால் 162 வாட் வெளிச்சம் கிடைக்கும் என்று மனக்கணக்குப் போட்டோம். பிளக்கில் செருகிப் பார்க்கும் வாட் மீட்டரோ, எல்லா நிறங்களையும் முழுதாக ஏற்றிய பிறகும் 60ஐத் தாண்டவில்லை. அதைவிடப் பெரிய ஏமாற்றம் எல்.இ.டி.களை நிறவாரியாக எண்ணியபோது வந்தது: சிவப்பு 12, பச்சை 18, நீலம் 18, வெள்ளை வெறும் 6. நிறம் காட்டுவதற்கென்று செய்த விளக்கை நாங்கள் முகம் காட்டுவதற்கு வாங்கியிருக்கிறோம். பாட்டி வேடம் போட்ட பெண்ணின் முகத்தில் மூன்று நிறங்களையும் கலந்து வெள்ளை கொண்டுவரப் பார்த்தபோது, ஒப்பனையெல்லாம் சுண்ணாம்பு அடித்த சுவர் போல வெளிறி, மூக்கின் இருபுறமும் ஒரு பக்கம் பச்சையும் மறுபக்கம் ஊதாவுமாக நிழல் விழுந்தது. விளக்கு மெல்ல மெல்ல அணைய வேண்டிய கடைசிக் காட்சியில், பத்தில் ஒரு பங்கு வெளிச்சம் வரை ஒழுங்காக இறங்கி வந்து, அங்கிருந்து சுவிட்சை அணைத்ததுபோலச் சட்டென்று இருட்டாகிவிட்டது.

அதன் பிறகுதான் முகத்துக்கென்று, ஹாலஜன் பல்பு போடும் பழைய பார் 64 கேன்கள் (உருளை வடிவ விளக்குக் கூடுகள்) நான்கைத் தேடிப் பிடித்தோம். பல அரங்குகள் எல்.இ.டி.க்கு மாறிக்கொண்டிருப்பதால் இவை மலிவாகக் கிடைக்கின்றன. பல்பு இல்லாமல் ஒரு கேனுக்கு 400 ரூபாய் கொடுத்தோம். 64 என்பது எட்டில் ஒரு அங்குலக் கணக்கு, அதாவது முகப்பின் விட்டம் 8 அங்குலம். இதற்கு 1000 வாட் பல்பும் உண்டு, 500 வாட் பல்பும் உண்டு. 230 வோல்ட்டில் 1000 வாட் பல்பு நாலே கால் ஆம்பியருக்குச் சற்று மேலே இழுக்கும். ஆகவே ஒரு 15 ஆம்பியர் பிளக்கில் மூன்றுக்கு மேல் மாட்ட முடியாது. நாங்கள் போகிற பல மண்டபங்களில் மேடையருகே ஒரே ஒரு 15 ஆம்பியர் பிளக்தான் இருக்கும், அதையும் பெரும்பாலும் சமையல்கட்டு மிக்ஸிக்காரர் பிடித்திருப்பார். அதனால் 500 வாட் பல்பையே போட்டு, விளக்கை நடிகருக்கு அருகில் கொண்டுவந்தோம். தூரம் பாதியானால் வெளிச்சம் நான்கு மடங்காகும் என்பது பள்ளியில் படித்த பாடந்தான் என்றாலும், விளக்கு தொங்கும் மூங்கிலை ஆறடி முன்னால் நகர்த்திக் கட்டிய நாளில்தான் அதன் மதிப்பு எங்களுக்குப் புரிந்தது.

வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரின் கதை வேறு. பலகை போன்ற ஒரு சிறிய டிம்மரை 4000 வாட் என்று சொல்லி விற்றார்கள். 4000 வாட் என்றால் 17 ஆம்பியருக்கு மேல். அதில் ஒட்டியிருந்த அலுமினியச் சூடுதணிப்பானோ தீப்பெட்டி அளவுதான் இருந்தது. ஒரு பல்பு போட்ட வரையில் ஒழுங்காக வேலை செய்தது. நாடகத்தன்று நான்கையும் அதன் மேல் ஏற்றினோம், மொத்தம் 2000 வாட். இருபதாவது நிமிடத்தில் பக்கெலைட் கருகும் வாடை வந்தது. டிம்மருக்குள் கரண்டை வெட்டி அனுப்பும் டிரையாக் என்ற பாகம் கெட்டுப்போனால் விளக்கு அணைந்துவிடும் என்றுதான் நான் நினைத்திருந்தேன், ஆனால் அது பெரும்பாலும் உள்ளுக்குள் ஒட்டிக்கொண்டு, கைப்பிடியை எந்தப் பக்கம் திருகினாலும் முழு வெளிச்சத்திலேயே நின்றுவிடுகிறது. மேடையில் இறந்து கிடந்த பையன் அந்த வெளிச்சத்தில் நான்கு நிமிடம் வேர்த்துக்கொண்டே பிணமாகக் கிடந்தான்.

பிறகு எங்கள் ஊர் மின்பணியாளர் ஒருவர், 40 ஆம்பியர் தாங்கக்கூடிய பி.டி.ஏ. 41 டிரையாக்கை நான்கு தனித்தனிச் சேனல்களாக (இங்கே சேனல் என்பது ஒரு விளக்குக்குக் கரண்ட் போகும் வழி) ஒரு பழைய யூ.பி.எஸ். கூட்டுக்குள் பொருத்தி, சேனலுக்கு ஒரு ஃபியூஸும் கையளவு சூடுதணிப்பானும் வைத்துக் கொடுத்தார். ஒரு சேனலில் 500 வாட்டுக்கு மேல் ஏற்றுவதில்லை என்று நாங்களே கட்டுப்பாடு வைத்திருக்கிறோம். இதுவரை கெடவில்லை.

கடைசியாக ஒரு சந்தேகம்: அந்த 192 சேனல் பெட்டியில் விளக்குகளைத் தனித்தனியாக இயக்க எங்களால் முடியவில்லை. ஒரே பொத்தானில் இரண்டு விளக்குகள் சேர்ந்தே வருகின்றன. பழுது என்று மூட்டை கட்டி வைத்திருக்கிறோம். யாருக்காவது இது நேர்ந்திருக்கிறதா?

மறுமொழி: மைக் செட், லைட் வாடகைத் தொழில், திண்டுக்கல்

ஐயா, உங்கள் டிம்மர் போனதற்கு அளவு மீறிய சுமை ஒன்றுமட்டும் காரணமாக இருக்காது. குளிர்ந்து கிடக்கும் ஹாலஜன் இழை முதல் நொடியில் வழக்கத்தைவிடப் பத்து மடங்குக்கும் மேலாகக் கரண்டை இழுக்கும். அதனால் நான் காட்சி தொடங்குவதற்கு முன்பே, இழை மங்கலாகச் சிவக்கும் அளவுக்கு டிம்மரை ஏற்றி வைத்துவிடுவேன். பார்வையாளருக்கு அது தெரியாது, பல்பும் நீண்ட நாள் உழைக்கும்.

பணம் மிச்சம் பிடிக்கிறேன் என்று மின்விசிறி ரெகுலேட்டரை மாட்டுகிறவர்களை நான் இன்றும் பார்க்கிறேன். அது ஒரு விசிறியின் நூறு வாட்டுக்குள் செய்த பொருள். இதில் 500 வாட் பல்பைக் கோத்தால் எரிவது பல்பு அல்ல, ரெகுலேட்டர். என் குருநாதர் காலத்தில் ஜாடியில் உப்புத் தண்ணீர் ஊற்றி, தகட்டை ஏற்றி இறக்கி விளக்கை மங்கச் செய்வார்கள். அந்தத் தண்ணீரில் நேரடியாகக் கரண்ட் ஓடும். எங்காவது படித்துவிட்டு அதை யாரும் செய்து பார்க்க வேண்டாம். டிம்மரே இல்லாத ஊரில் நான் செய்வது வேறு: ஒரே வாட் உள்ள இரண்டு ஹாலஜன்களைச் சீரியலில், அதாவது ஒன்றன் பின் ஒன்றாக, இணைத்தால் ஒவ்வொன்றுக்கும் பாதி வோல்ட் கிடைத்து, வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறைந்து, அந்தி வெயில் நிறத்தில் எரியும். மாலைக் காட்சிக்கு அதைவிட அழகான விளக்கை நான் பார்த்ததில்லை.

டிரையாக் டிம்மர் மின்னலையை வெட்டி வெட்டி அனுப்புவதால், இரைச்சலைத் தடுக்கும் சோக் என்ற கம்பிச்சுருள் வைக்காத மலிவான பலகைகளில் அந்த இரைச்சல் மைக்கில் "ங்ங்ங்" என்று ஏறும். லைட்டை ஒரு பேஸிலும் (மும்முனை மின்சாரத்தின் ஒரு முனை) சவுண்டை வேறொரு பேஸிலும் எடுங்கள். ஆனால் ஒரே கம்பத்தில் தொங்கும் விளக்குகளை இரண்டு பேஸ்களில் பிரிக்கவே கூடாது, ஏனெனில் இரண்டுக்கும் நடுவே 400 வோல்ட் நிற்கும். முக்கியமாக, எல்.இ.டி. பார் லைட்டை எக்காரணம் கொண்டும் டிம்மர் வழியாக மாட்டாதீர்கள். அதன் பவர் சப்ளை போய்விடும்.

பழைய கேன் வாங்கும்போது மேல் பெயின்டைப் பார்க்காமல், பின்மூடியைத் திறந்து பீங்கான் ஹோல்டரைப் பாருங்கள். பின் நுழையும் துளை கறுத்திருந்தாலோ, வயரின் மேலுறை விரலால் தொட்டதும் உதிர்ந்தாலோ, புது ஹோல்டர் விலையையும் சேர்த்துப் பேரம் பேசுங்கள். எர்த் வயர் பெரும்பாலும் வெட்டப்பட்டே இருக்கும்.

மறுமொழி: நாட்டிய ஆசிரியை, தஞ்சாவூர்

நாங்கள் டிம்மரே வாங்கவில்லை. எங்கள் பள்ளி அரங்கின் வயரிங் மிகப் பழையது, அதில் ஹாலஜன் ஏற்றத் தலைமையாசிரியர் அனுமதிக்கவில்லை. எட்டு எல்.இ.டி.களும் சேர்ந்து இரண்டு ஆம்பியர்தான் இழுப்பதால் ஒரே பிளக்கில் எல்லாம் முடிந்துவிடுகிறது. முகத்துக்கு மட்டும் நிறமே இல்லாத வார்ம் ஒயிட் எல்.இ.டி. நான்கு தனியாக வாங்கினோம். 3200 கெல்வின் (வெள்ளை எவ்வளவு மஞ்சளாக இருக்கும் என்று சொல்லும் அளவு) என்று கேட்டு வாங்க வேண்டும். குழந்தைகளின் மாநிறத்துக்கும் அரிதாரத்துக்கும் அது பொருந்துகிறது. கடையில் விளக்கை எரியவிட்டு, வெளிச்சத்தைக் கால் பங்குக்கு இறக்கி, செல்பேசிக் கேமராவில் பாருங்கள். திரையில் கோடுகள் ஓடினால் அந்த விளக்கு வேண்டாம், ஆண்டுவிழாக் காணொளி முழுதும் அந்தக் கோடுகள் இருக்கும்.

விழுப்புரம் ஐயாவின் சந்தேகத்துக்கு: பெட்டி பழுதாக இருக்காது. அந்த 192 என்பது 12 பொத்தான்கள், பொத்தானுக்கு 16 சேனல்கள் என்ற கணக்கு. உங்கள் விளக்கு எட்டே சேனலில் இயங்கினாலும், முகவரியை (விளக்கு எந்தச் சேனலில் தொடங்குகிறது என்ற எண்) பதினாறு பதினாறாகத் தள்ளித்தான் கொடுக்க வேண்டும்: 1, 17, 33, 49 என்று. விளக்கின் பின்னால் சின்னச் சுவிட்சுகள் வரிசையாக இருந்தால் அவற்றின் மதிப்பு 1, 2, 4, 8, 16 என்று இரட்டிக்கும்; 17க்கு முதலாவதையும் ஐந்தாவதையும் மேலே தள்ளுங்கள், 33க்கு முதலாவதையும் ஆறாவதையும். கடைசி விளக்கின் டி.எம்.எக்ஸ். வெளிவாயிலில் 2ஆம் 3ஆம் பின்களுக்கு நடுவே 120 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் பற்றவைத்த பிளக்கைச் செருகிவிடுங்கள். எங்கள் விளக்குகள் காரணமில்லாமல் துடித்துக்கொண்டிருந்தது அதற்குப் பிறகு நின்றது.

தொடங்கியவரின் பதில்

அம்மா, இப்போதுதான் மூட்டையைப் பிரித்து டார்ச் அடித்துப் பார்த்தேன். இரண்டாவது விளக்கில் முதல் சுவிட்சும் நான்காவது சுவிட்சும் மேலே இருக்கின்றன, அதாவது 9. மூன்றாவதுக்கு 17 கொடுத்திருக்கிறோம். எட்டுச் சேனல் விளக்கு என்பதால் எட்டெட்டாகத் தள்ளியிருக்கிறோம், அதனால்தான் ஒரு பொத்தானுக்கு இரண்டு விளக்குகள் வந்திருக்கின்றன. 120 ஓம் ரெசிஸ்டர் நாளைக்கு வாங்கிவிடுகிறேன்.