லிக்விட் கூலர் பம்பில் கொரகொர சத்தம்: காற்றா, பேரிங்கா?

240 மி.மீ. ரேடியேட்டர் உள்ள ஏஐஓ கூலர் (பம்ப், குழாய், ரேடியேட்டர் எல்லாம் ஒரே தொகுப்பாக வந்து ப்ராசஸரைத் திரவத்தால் குளிர்விப்பது). கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் பம்பிலிருந்து கொரகொரவென்று சத்தம். கொஞ்ச நேரத்தில் ரீங்காரமாகக் குறைகிறது, நிற்பதில்லை. ரேடியேட்டர் ஃபேன்களின் இணைப்பைச் சற்று நேரம் கழற்றிப் பார்த்தேன். சத்தம் அப்படியே இருக்கிறது. ஆக, பம்புதான்.

ரேடியேட்டர் கேஸின் முன்பக்கத்தில், குழாய்கள் மேலே வரும்படி இருக்கிறது. உள்ளே இருக்கும் காற்று மேலே சேர்ந்து குழாய்க்குள் இழுக்கப்படுகிறதோ என்று சந்தேகம். கேஸைச் சாய்த்தால் சத்தம் மாறுவதும் அதனால்தானே? பயாஸில் (கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புகளை மாற்றும் இடம்) பம்ப் வேகம் 100%. 70% ஆக்கினால் சத்தம் அடங்குகிறது, ப்ராசஸர் சூடும் பெரிதாக ஏறவில்லை.

ரேடியேட்டரைக் கேஸின் மேல்பக்கம் மாற்றினால் சரியாகுமா? பேரிங் தேய்ந்திருந்தால் அதை எப்படிக் கண்டுபிடிப்பது? வாரண்டி இருக்கிறது, எனவே பிரித்துத் திரவம் நிரப்பும் யோசனை மட்டும் வேண்டாம்.