அழகம்மா அத்தையோட வாரிய அட்டை

குழு: பெரியவீட்டுச் சொந்தங்கள்

ஞாயிறு

மீனா (காலை 7.40): அழகம்மா அத்தையோட கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை காலாவதியாகிக் கெடக்கு. நேத்து டிரங்குப் பெட்டியில சேலைக்கு அடியில இருந்து எடுத்துக் காட்டுனாங்க. கொரோனா சமயத்துல புதுப்பிக்க வேண்டியது, விட்டுப்போச்சு. ஆதார்ல பிறந்த தேதி ஜனவரி 1. வர்ற ஜனவரியோட 60 முடியுது. அதுக்குள்ள சரி பண்ணாத்தான் ஓய்வூதியத்துக்கு வழி பொறக்கும். விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

முருகன் (7.52): அம்மா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே மீனா

மீனா (7.53): உங்களுக்கு எதுக்குக் கஷ்டம்னு சொல்லாம இருந்திருக்காங்க மச்சான்

ஜோதி சித்தி (8.05): பிரவுசிங் சென்டர்ல குடுத்தா முடிச்சுத் தருவாங்களே

மீனா (8.11): போயிட்டுத்தான் வந்தோம் சித்தி. 800 கேட்டாரு. வாரியத்துல பதியறதுக்கும் புதுப்பிக்கிறதுக்கும் பைசா கட்டணம் கிடையாது. அத்தைக்குச் சித்தாள் கூலியே ஒரு நாளைக்கு 600.
அதுவும் முடியல. ஓடிபி பழைய நம்பருக்குப் போகுது. அந்த சிம் ரீசார்ஜ் பண்ணாம எப்பவோ செத்துப்போச்சு. நம்பர் மாத்த ஆபீஸுக்கு நேர்ல வாங்கன்னு சொல்றாங்க. நேர்ல போனா ஒரு நாள் கூலி போச்சு.

செந்தில் (9.30): இப்பத்தான் பாத்தேன். எதுக்கு இவ்வளவு அலைச்சல்? மாசாமாசம் ஆயிரம் ரூபா நானே அத்தைக்குப் போட்டு விடுறேன். எல்லாத்துக்கும் கவர்மென்ட்ட எதிர்பாக்குறதும் எனக்குச் சரியாப் படல. இலவசம் குடுத்துக் குடுத்துக் கடன் ஏறிக்கிட்டே போகுது. சம்பளத்துல பிடிக்கிற வரி எங்க போகுதுன்னு எனக்கும் ஆதங்கம் இருக்கு. அத்தையைச் சொல்லல, பொதுவாச் சொல்றேன்.

ஜோதி சித்தி (9.34): வயசானவங்க பென்சன் 1200 இருக்குல்ல, அது கெடைக்காதா?

மீனா (9.41): அது ஆதரவு இல்லாதவங்களுக்கு சித்தி. முருகன் மச்சான் இருக்காருல்ல. 'மகன் சம்பாதிக்கிறார்'னு எழுதிட்டா மனு அங்கயே நின்னு போகும்.

முருகன் (9.44): நான் சம்பாதிக்கிறது எனக்குத்தான் தெரியும். அமெரிக்காக்காரன் வரி போட்டதுல இருந்து திருப்பூர்ல வாரத்துக்கு மூணு நாள்தான் ஷிப்டு. சனிக்கிழமை சம்பளம் வாங்குனா ஞாயித்துக்கிழமை மளிகைக் கடை பாக்கிக்கே பத்தல.

ஜோதி சித்தி (9.46): அந்த மகளிர் உரிமைத் தொகை?

மீனா (9.49): அது ரேசன் கார்டுக்கு ஒருத்தருக்குத்தான். அத்தை கார்டுல மதினி பேருக்கு வருது.

ஜோதி சித்தி (9.58): எனக்கும் மொதல்ல அதைத் தள்ளுபடி பண்ணிட்டாங்களே. வருசத்துக்கு 3600 யூனிட்டுக்கு மேல கரண்டு ஓடுதாம். நாங்க மூணு குடித்தனமும் ஒரே மீட்டர். வீட்டுக்காரர் ஏசிக்கும் சேத்து எங்க தலையில விழுந்துச்சு. 30 நாளைக்குள்ள கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு பண்ணலாம்னு மீனாதான் சொன்னா. பண்ணித்தான் வந்துச்சு. அந்த ஆயிரம் சிலிண்டருக்குச் சரியாப் போயிரும். ஆனா சிலிண்டர் தீரப்போகுதேங்கிற பயம் இல்ல இப்ப.

மீனா (10.15): செந்தில் அண்ணே, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. வாரியத்துக் காசு இலவசத்துல சேராது. கட்டடம் கட்டுறவங்ககிட்ட கட்டுமானச் செலவுல 1 சதவீதம் தொழிலாளர் நலனுக்குன்னு தனியா வாங்கணும்னு 1996லயே மத்தியச் சட்டம் வந்தாச்சு. நம்ம தமிழ்நாட்டுல வாரியம் அதுக்கும் முந்தி, 1994ல வந்தது. நீங்க நாகமலையில வீடு கட்டுனீங்கள்ல, பிளான் அப்ரூவலுக்குப் பணம் கட்டுன ரசீது இருந்தா எடுத்துப் பாருங்க.

பெரியப்பா (10.52): மீனா சொல்வது சரி. எனக்குத் தட்டச்சு நிதானமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளவும்.
நான் 1983ல் ஆசிரியர் வேலையில் சேர்ந்தேன். 2003 ஏப்ரலுக்கு முன்னால் சேர்ந்தவன் என்பதால் பழைய பென்சன். வருடத்துக்கு இரண்டு தடவை அகவிலைப்படி ஏறுகிறது. வருடத்தில் ஒரு தடவை நேர்காணலுக்குக் கருவூலம் போகிறேன், நாற்காலி போட்டு உட்கார வைத்துத்தான் கையெழுத்து வாங்குகிறார்கள். எனக்கு வருவதை இந்த வீட்டில் யாரும் இலவசம் என்று சொன்னதில்லை.
அழகம்மாவை அய்யா அஞ்சாம் வகுப்போடு நிறுத்தினார். ஆடு மேய்க்க ஆள் வேண்டும் என்றார். நான் உசிலம்பட்டிக்குப் படிக்கப் போன பஸ் காசு, பரீட்சைப் பணம், எல்லாம் அந்த ஆட்டை விற்று வந்தது. செந்தில், நீ இஞ்சினியர் ஆனதில் உன் அத்தைக்கும் பங்கு உண்டு. இதை நான் உனக்கு முன்னமே சொல்லியிருக்கலாம்.

செந்தில் (11.20): சரிப்பா.

மீனா (12.35): அத்தை வீட்டுலதான் இருக்கேன். எல்லாத்தையும் வாசிச்சுக் காட்டுனேன். அவங்க சொல்றதை அப்படியே டைப் பண்றேன்.
"ஏப்பா செந்திலு, நீ அனுப்புறேன்னியே, நல்லாருப்ப. ஆனா நாளைக்கு ஒம் பிள்ளைக்கு ஃபீஸ் கட்டணும்னு ஒரு மாசம் நிறுத்திட்டீன்னா நான் வாயத் தொறந்து கேக்க முடியுமா? வாரியத்துலன்னா கேக்கலாம்ல. சாந்துச் சட்டி தூக்குனது அவுகளுக்குத் தெரியாட்டியும் கட்டடத்துக்குத் தெரியும். கொத்தனாருக்கு ஆயிரம், எனக்கு அறுநூறு. முப்பது வருசமாச் சித்தாளாவேதான் இருக்கேன், ஒரு நாளும் கரண்டியக் கையில குடுக்கல.
ரேசன் கடையில என் வெரலு மிசின்ல விழுகவே மாட்டேங்குது. சிமெண்டு அரிச்சு ரேகை போச்சு. கண்ணக் காட்டச் சொல்றாக, அதுவும் ஒரு நேரம் எடுக்குது ஒரு நேரம் எடுக்கல. அரிசிக்கு நின்னா அன்னைக்கு வேலை இல்ல. ஏழே முக்காலுக்கெல்லாம் மேஸ்திரி ஆளெடுத்துட்டுப் போயிருவாரு."

மீனா (12.38): (புகைப்படம்) அத்தை வலது கை. பெருவிரல் நுனியைப் பெருசாக்கிப் பாருங்க.

ஜோதி சித்தி (12.44): கண்ணாடி மாதிரி வழுவழுன்னு இருக்கே

செந்தில் (மதியம் 2.10): (புகைப்படம்) ரசீது கிடைச்சுது. மீனா சொன்னது இருக்கு, 'தொழிலாளர் நல நிதி'ன்னு தனியா ஒரு வரி. மொத்தத் தொகையை மட்டும் பாத்துக் கட்டிருக்கேன்.
அப்ப ஒரு கேள்வி. பணம்தான் எல்லார்கிட்டயும் வாங்கிடுறாங்களே, ஆளுங்க கைக்கு ஏன் வந்து சேரல?

பெரியப்பா (2.31): இதே கேள்வியை உச்ச நீதிமன்றமும் கேட்டது. 2018 மார்ச்சில் தீர்ப்பு. நாடு முழுக்க வசூலான தொகை 37,400 கோடிக்கும் மேல், செலவழித்தது 9,500 கோடி அளவுக்குத்தான். இந்தக் காசில் லேப்டாப்பும் வாஷிங் மெஷினும் வாங்கிய கணக்குகூட அந்த வழக்கில்தான் வெளியே வந்தது. நாளேட்டில் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

மீனா (2.50): இன்னொண்ணும் இருக்குண்ணே. வேலை பாக்குறோம்னு யாராச்சும் கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும். உங்களுக்குக் கம்பெனி லெட்டர் குடுக்கும். அத்தைக்கு இந்த மாசம் ஒரு மேஸ்திரி, அடுத்த மாசம் இன்னொருத்தர், கூலி கையில. மேஸ்திரிகிட்ட கேட்டா தன் மேல எதுவும் வந்துருமோன்னு நழுவுறாரு. வி.ஏ.ஓ.கிட்ட ரெண்டு தடவை போனாங்க, 'நாளைக்கு வாம்மா'.

செந்தில் (2.58): அது அநியாயம்.

பெரியப்பா (3.05): செவ்வாய்க்கிழமை நான் அழகம்மாவோடு போகிறேன். வேட்டி சட்டையில் வாத்தியார் போய் நின்றால் எழுந்து 'வாங்க சார்' என்பார்கள். அவள் தனியாகப் போனால் நாளைக்கு வரச் சொல்வார்கள். எனக்குக் கிடைக்கும் மரியாதை அவளுக்கும் கிடைக்க வேண்டியது, அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். இருந்தாலும் இப்போதைக்கு வேலை நடக்கட்டும். நடக்காவிட்டால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு.

முருகன் (3.12): மாமா, ரொம்ப நன்றி. நான் சனிக்கிழமை ராத்திரி வண்டி ஏறிடுறேன்

பெரியப்பா (3.14): நன்றி எல்லாம் வேண்டாம் மாப்பிள்ளை. என் தங்கச்சி.

செந்தில் (3.40): மீனா, கையெழுத்து வாங்குனதும் எல்லாத்தையும் ஃபோட்டோ எடுத்து அனுப்பு. ஆன்லைன்ல ஏத்துற வேலையை நான் இங்க இருந்தே பாத்துக்கிறேன், அந்த 800 யாருக்கும் குடுக்க வேண்டாம். புது சிம் நான் வாங்கித் தர்றேன், ரீசார்ஜும் என் பொறுப்பு. செவ்வாய்க்கிழமை கூலியையும் அத்தைக்குப் போட்டு விடுறேன்.
என் வீடு கட்டுன ஆளுங்களுக்கு அட்டை இருக்கான்னு மேஸ்திரியைக் கூப்பிட்டுக் கேட்டேன். "அதெல்லாம் யாரு சார் வச்சிருக்கா"ங்கிறாரு. அவர் நம்பர் அனுப்புறேன், என்ன செய்யலாம்னு பேசு.

மீனா (3.46): பேசுறேண்ணே. அத்தையோட வேலை பாக்குற பாண்டியம்மாக்காவுக்கும் அட்டையே கிடையாது. 45 வயசுதான், இப்ப பதிஞ்சா பொண்ணு படிப்புக்கு உதவித்தொகை கேக்கலாம். செவ்வாய்க்கிழமை அவங்களையும் கூட்டிக்கிறோம்.

ஜோதி சித்தி (3.50): என்னென்ன எடுத்துட்டு வரணும்னு போடு, நானும் ரெண்டு பேருக்குச் சொல்றேன்

மீனா (3.57): ஆதார், ரேசன் கார்டு, பேங்க் பாஸ்புக், ரெண்டு பாஸ்போர்ட் சைஸ் ஃபோட்டோ, பழைய அட்டை இருந்தா அதுவும். ஒரிஜினலும் வேணும். ஜெராக்ஸ் இங்கயே எடுத்துருங்க, ஆபீஸ் வாசல்ல ஒரு பக்கத்துக்கு அஞ்சு ரூபா கேக்குறாங்க. காலையில ஒன்பது மணிக்கு பஸ் ஸ்டாப்புல நிப்போம்.